கூதிர்க்காலத் தோட்டப்பணியும் பிறைக்கணக்கும்



சென்ற ஐப்பசித் திங்களில் நம் சங்கத்தைச் சார்ந்த ஒரு குடும்பத்திலே தந்தைக்கும் மைந்தனுக்குமிடையே ஒரு வழக்கு நேர்ந்தது. மைந்தன் முன்னாளில் என்பாற் பயின்ற மாணாக்கன். நான்கு நாள் மழை ஓய்ந்து தோட்டம் நல்ல பதத்திலிருந்தது. விதை வெங்காயமும் ஆய்ந்து வைக்கப்பட்டிருந்தது. "இன்றே நட்டுவிடுவோம், அப்பா" என்றான் மைந்தன். "வெங்காயம் மண்ணுக்குள் விளைவது. அதனைத் தேய்பிறையில் நடுவதே நம் முன்னோர் முறை. முழுமதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது; பொறு" என்றார் தந்தை. அவனும் பொறுத்தான். ஐந்தாம் நாள் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் நீர் நின்றது. நடவு கார்த்திகையின் கடைசியிலேதான் நடந்தது. அதுமுதல் அவ்விருவரும் நேர்நின்று பேசுவதில்லை. பேச வேண்டுவதைத் தாய் வாயிலாகவே பேசிக்கொள்கின்றனர்.

சில நாட் சென்று அப்பெரியவர் என் இல்லத்துக்கு வந்தார். "வாத்தியார் ஐயா, நீங்கள் நூல் பார்த்துச் சொல்லுங்கள். அவன் சொல்வதுதான் சரியென்றால் நான் ஒப்புக்கொள்கிறேன்" என்றார். அறுபத்தெட்டு வயதினர் ஒருவர் இவ்வாறு கேட்பது எளிதன்று. ஆகவே கிடைத்த நூல்களையெல்லாம் புரட்டினேன். புரட்டியபோது, இவ்வழக்கு நம் இல்லங்களில் மட்டும் நிகழ்வதன்று, மேனாட்டாரும் ஏறக்குறைய இரண்டாயிரத்தெழுநூறு ஆண்டுகளாக இதனைப் பேசி வந்துள்ளனர் என்பது புலனாயிற்று. அவ்வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

மேனாட்டார் இலையுதிர் காலமென வழங்கும் பருவத்தின் கடைப்பகுதி, நம் கூதிர்க்காலமாகிய ஐப்பசி கார்த்திகைகளோடு ஒத்து வருவது. நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால், கிரேக்கம், இத்தாலி முதலிய மத்தியதரைக் கடல் நாடுகளிலும் நெடிய கோடை வறட்சி தீர்ந்து மழை தொடங்குகின்றது. உழவு, விதைப்பு, மரக்கன்று நடுதல், ஒலிவ மரத்தின் வேரைச் சுற்றிக் கொத்தி எருவிடுதல், பூண்டு ஊன்றுதல், வீட்டுக்கு வேண்டிய மரம் வெட்டுதல் ஆகிய இவையெல்லாம் ஆண்டு ஒருசேர வந்து குவியும் காலம் அதுவே. கையிருப்பதோ சில, பணியிருப்பதோ பல. எதனை எந்நாளிற் செய்வது என்னும் வினா அங்கேதான் எழுகின்றது.

கி. மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியட் என்னும் கிரேக்கப் புலவர், தம் உடன்பிறந்தானை முன்னிலைப்படுத்திப் பாடிய உழவு நூலொன்றுண்டு. அதன்கண் அவர் காலத்தை இரண்டு அளவைகளால் அளக்கின்றார். பருவத்தை அளப்பவை விண்மீன்கள். கார்த்திகை மீன், அஃதாவது நம் பழம்புலவர் அறுமீன் என்றழைத்த அக்கூட்டம், விடியற்போதில் மேற்கே மறையுங்கால் ஏரைப் பூட்டுக என்பது அவர் விதி. நம் கார்த்திகைத் தீபத்தன்று மாலையிற் கிழக்கே எழுந்து விடியலில் மேற்கே வீழ்வதும் அதே மீன் கூட்டமே. நாம் விளக்கேற்றும் மீனைக் கொண்டு அவர்கள் ஏர் பூட்டினர் என்பதைப் படித்தபோது, யான் சற்றுநேரம் நூலை மூடிவைத்துவிட்டேன்.

இரண்டாம் அளவை திங்கள். அது பருவத்தைக் காட்டாது. பிறை தோன்றி வளர்ந்து தேய்ந்து மறைய இருபத்தொன்பதரை நாளாதலின், பன்னிரண்டு மதி சேர்ந்தாலும் 354 நாளே ஆகும். ஆண்டிற்குப் பதினொரு நாள் குறையும். எனவே மதியை மட்டும் நம்பினவன் சில ஆண்டுகளில் மழைக்குமுன் விதைத்துக் கெடுவான். மீன் பருவத்தைச் சொல்ல, அப்பருவத்தினுள் நாளைச் சொல்லுவது மதி. வளர்பிறையின் பதின்மூன்றாம் நாள் விதைப்பைத் தொடங்குதற்கு ஆகாது, ஆனால் கன்று நடுதற்கு மிக நன்று என்று ஹெசியட் வகுக்கின்றார். ஏன் ஆகாது, ஏன் நன்று என்பதற்கு அவர் காரணங் கூறவில்லை. நாள் பார்த்துச் சொல்வோர் எக்காலத்தும் காரணங் கூறுவதில்லை போலும்.

இனி உரோமரிடம் வருவோம். கி. மு. 234 முதல் 149 வரை வாழ்ந்த கேட்டோ, அரசியலிற் கடுமைக்குப் பெயர் பெற்றவர். தம் முதுமையில் உழவுநூல் ஒன்று எழுதினார். இலத்தீன் மொழியில் முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள உரைநடை நூல்களுள் மிகப் பழையது அதுவே. அத்தி, ஒலிவம், ஆப்பிள், பேரி, திராட்சை இவற்றிற்கு ஒட்டுக் கட்டுவதாயின், மதி மறைந்த நாளில், நண்பகலுக்குப் பின், தென்காற்று வீசாதபோது கட்டுக என்கின்றார். மதி மறைந்த நாளுக்கு, நாம் அமாவாசை என்பதற்கு, அவர் வழங்கும் தொடர் 'பேசாத நிலா' என்னும் பொருளது. மரம் வெட்டுதற்கும் அவர் நாட் குறிக்கின்றார். முழுமதிக்குப் பின்வரும் ஏழு நாட்களே சிறந்தன. பனியும் ஈரமும் படிந்த மரத்தைத் தொடலாகாது. நம் ஊரில் மூங்கில் வெட்டுவோர் சொல்வதும் இதனின் வேறன்று.

இங்கே அன்பர்கள் ஒரு செய்தியைக் கருத வேண்டும். கேட்டோ தம் நூலிற் பணிகளுக்குப் பெரும்பாலும் நாட்காட்டித் தேதி குறிப்பதில்லை. பேரி மரம் பூக்குங்கால் எருதுகளுக்காகப் படையலிடு என்பார். மதி மறைந்தபோது புல்வெளிக்கு எருவிடு என்பார். உரோமாபுரியில் நாட்காட்டி இல்லாமலா போயிற்று? இருந்தது, ஆனால் அது பொய் சொல்லிக்கொண்டிருந்தது! அதனைப் பேணும் பொறுப்பு அந்நகரத்துக் குருமார் குழுவினது. ஆண்டுக் குறையை நிரப்ப அவ்வப்போது ஒரு மிகைத் திங்களைச் சேர்த்தல் அவர் கடன். அதனை அவர்கள் சேர்க்க வேண்டியபோது சேர்க்காமலும், வேண்டாதபோது சேர்த்தும் குழப்பினர். எவ்வளவு குழப்பம் என்பதை ஒரு கதிரவன் மறைப்பு காட்டிக் கொடுத்துவிட்டது. லிவி என்னும் வரலாற்றாசிரியர் ஒரு கதிரவன் மறைப்பு ஜூலை 11-ஆம் நாள் நிகழ்ந்ததாக எழுதி வைத்துள்ளார். வானநூற் கணக்கின்படி அம்மறைப்பு நிகழ்ந்தது கி. மு. 190-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள். ஏறக்குறைய நான்கு திங்கள் பிழை! அந்நாளிற் கேட்டோவுக்கு வயது நாற்பத்துநான்கு. அலுவலகச் சுவடி 'இது நடுக்கோடை' என்று கூற, தோட்டத்திலே வசந்தம் தொடங்காமலிருந்தது. அத்தகைய நாட்டில் உழவன் எதனை நம்புவான்? ஒருவராலும் திருத்த முடியாத வானத்தையே நம்புவான். பின்னர் ஜூலியஸ் சீசர் கி. மு. 46-ஆம் ஆண்டினை 445 நாளாக நீட்டி இப்பிழையைத் தீர்த்தார். நாட்காட்டி நேராயிற்று. ஆயினும் பிறை பார்க்கும் வழக்கம் போகவில்லை.

யான் கண்ட வரையில் இவ்வரலாற்றின் முடிச்சு இங்கேதான் இருக்கின்றது. மதி முதலில் நாளைக் காட்டும் கருவியாயிருந்தது. எழுத்தறியாத பணியாளரிடம், 'வரும் ஆறாம் நாள் எருவை அள்ளு' என்பதைவிட, 'நிலா மறைந்தபின் அள்ளு' என்பது எளிது, மறதியும் வாராது. கேட்டோவின் தோட்டத்தில் உழைத்தோரிற் பலர் அடிமைகள் என்பதை மறக்கலாகாது. அவர்கள் கையில் ஓலையுமில்லை, எழுத்தாணியுமில்லை. தலைக்கு மேலே நிலா இருந்தது. நாளடைவில், நாளைக் காட்டிய நிலாவே விளைவையும் தருகின்றது என்னும் எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டது. கடிகாரம் மணி அடித்தவுடன் பள்ளி விடுகின்றது. அதனாற் கடிகாரமே பள்ளியை விடுகின்றது என்று ஒரு சிறுவன் எண்ணினால் எப்படியோ, அப்படி.

அவ்வெண்ணத்திற்கு அக்காலத்தார் ஒரு தத்துவமும் சமைத்தனர். மதி ஈரத்திற்கு உரியது. வளர்கையில் உலகின் ஈரமெல்லாம் பொங்கும், தேய்கையில் வற்றும் என்றனர். கடல் ஏற்றமும் வற்றமும் கண்முன்னே சான்றாயிருந்தன. ஆகவே பெருக வேண்டியதை வளர்பிறையிற் செய்க. உலர்ந்து நிலைக்க வேண்டியதைத் தேய்பிறையிற் செய்க என்பது முறையாயிற்று. கி. பி. 79-இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் உயிர் நீத்த பிளினி தம் பெருநூலில், வெட்டுவன, கொய்வன, கத்தரிப்பன யாவும் தேய்பிறையிற் செய்தால் ஊறு குறைவு என்று எழுதினார். எருவையும் தேய்பிறையிலன்றித் தொடலாகாது என்றார். பூண்டைப் பற்றி அவர் எழுதியுள்ளது நம் பெண்மக்களுக்கு நகையூட்டும். நிலா நிலத்திற்குக் கீழே இருக்கும் வேளையில் ஊன்றி, நிலா மறைந்த நாளிற் பிடுங்கினால் பூண்டு நாறாதாம்! ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின. பூண்டு இன்னும் நாறிக்கொண்டுதான் இருக்கின்றது.

வர்ரோ என்பார் கி. மு. 37-இல், தம் எண்பதாம் வயதில், உரையாடல் வடிவாக ஓர் உழவுநூல் செய்தார். ஆட்டு மயிரைக் கத்தரிக்கப் பிறை பார்க்க வேண்டுமென்று பேச்சு வருகின்றது. உடனே ஒருவர், 'ஆட்டுக்கு மட்டுமா, என் தலைக்கும் அப்படியே. தேய்பிறையிற் கத்தரித்தால் வழுக்கை விழுமென்று என் தந்தை சொல்லியிருக்கிறார்' என்னும் பொருள்படப் பேசுகின்றார். வர்ரோ நகைக்கின்றாரா, நம்புகின்றாரா என்று தெளிவாகத் தெரியவில்லை. யான் நகைக்கின்றார் என்றே கொள்கின்றேன். ஆயினும் அதிற் 'என் தந்தை சொல்லியிருக்கிறார்' என்னும் பகுதியே என் மனத்தில் நின்றது. நம் வெங்காயப் பெரியவரும் அதையே சொன்னார்.

விதிகள் நாடு கடந்து சென்றபோது ஒன்றோடொன்று முரணத் தொடங்கின. உரோமப் பேரரசின் கடைக்காலத்தவராகிய பல்லேடியஸ், விதைப்பன யாவும் வளர்பிறையிலேயே விதைக்கப்பட வேண்டும் என்றார். இங்கிலாந்திலோ 1557-ஆம் ஆண்டில் தாமஸ் டஸ்ஸர் என்னும் உழவர் அதற்கு மாறுபட எழுதினார். இவர் முன்பு இசைவாணராய்ப் பிரபு ஒருவரிடம் பணிபுரிந்து, பின்னர் ஏரைப் பிடித்தவர். ஒவ்வொரு திங்களுக்கும் உரிய பணிகளை எளிய பாட்டாக்கினார். நவம்பர் 20-ஆம் நாள் எட்மண்டு என்னும் அடியவர் திருநாள். அந்நாளை ஒட்டித் தேய்பிறையிற் பூண்டும் அவரையும் ஊன்றுக என்பது அவர் அறிவுரை. நம் கார்த்திகை பிறந்த முதல் வாரம் என்று கொள்ளலாம். பூண்டு மண்ணுக்குள் விளைவது, தேய்பிறை பொருந்தும் என்று நம்மவர் உடன்படுவர். அவரை மண்ணுக்கு மேலே காய்ப்பதாயிற்றே? உரோமர் ஆசான் வளர்பிறை என்ன, ஆங்கிலேய ஆசான் தேய்பிறை என்ன, இரு நாட்டிலும் அவரை காய்த்தது. டஸ்ஸரின் பாட்டு பதிப்பின்மேற் பதிப்பாக விற்றது. அவரோ கடன்பட்டுச் சிறையிருந்து 1580-இல் இலண்டனில் இறந்தார். பிறை பார்த்தும் அவர் செல்வம் வளரவில்லை. இதனைக் குறும்பாகச் சொல்கின்றேன். வேளாண்மையில் நட்டப்படுதற்கு நிலா வேண்டுவதில்லை என்பதை நம் அன்பர் பலரும் அறிவர்.

இம்முரணை ஒருவர் அமர்ந்து ஆராய்ந்து தீர்த்திருக்க வேண்டுமன்றோ? தீர்த்தவர் ஒரு தோட்டக்காரர். அவர் முதலிற் கற்றதோ சட்டம். ழான் பத்தீஸ்த் தெ லா கேந்தினி என்பது அவர் பெயர். பிரெஞ்சு நாட்டினர். பிரபு ஒருவர் மைந்தனுக்கு ஆசிரியராயமர்ந்து அவனோடு இத்தாலிக்குச் சென்றபோது, ஆண்டுள்ள தோட்டங்களைக் கண்டு உள்ளம் மாறினார். கேட்டோ, வர்ரோ, கொலுமெல்லா இவர்தம் நூல்களையும் கற்றுத் தோட்டத்திலிறங்கினார். பதினான்காம் லூயி மன்னன் தன் கனிமரங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் அவரைத் தலைவராக்கினான். வெர்சேல்ஸ் நகரில் அரண்மனைக்கருகே 1678 முதல் 1683 வரை அவர் அமைத்த மன்னன் தோட்டம் இன்றும் உள்ளது. நிலம் நன்னிலமன்று, நாற்றமடிக்கும் சதுப்பு. வேறிடத்திலிருந்து மண் கொணர்ந்து நிரப்பி, சுவரெடுத்துக் காற்றைத் தடுத்து, ஏறக்குறைய ஒன்பது ஹெக்டேர் பரப்பைப் பண்படுத்தினார். மன்னனுக்கு அத்திப்பழத்தில் விருப்பம் மிகுதி. அந்நாட்டுக் குளிருக்கு அத்தி தாங்காது. ஆகவே மரங்களைத் தொட்டியில் வளர்த்துக் குளிர் வருமுன் கூரைக்குள் கொண்டுபோய், இளவேனிலில் மறுபடி வெளியே கொணர்ந்தார். குளிர்காலத்துக்குரிய இத்தகைய ஏற்பாடுகளெல்லாம் நாள் தவறினால் மன்னன் தட்டில் வெறுமையாகத் தெரிந்துவிடும். இவர் நாட்பொருத்தத்தை ஏனோதானோவென்று கருதியிருக்க முடியாது.

அத்தகையவர் முப்பதாண்டுக்கு மேலாகப் பிறையைக் கவனித்து வந்தார். நூலில் உள்ளது, கிழத் தோட்டக்காரர் சொல்வது ஆகிய எல்லாவற்றையும் முதலில் நம்பியே கவனித்தார் என்பது குறிக்கத்தக்கது. ஒட்டுக் கட்டுதல், விதைத்தல், நடுதல், கிளை கழித்தல் இவற்றைப் பிறையின் எல்லா நிலையிலும் செய்து பார்த்தார். முடிவில், மதியின் முதல்நாள் தொடங்கிக் கடைநாள் வரை எந்நாளில் நட்டாலும், மண் நல்லதாய், விதை நல்லதாய், பருவம் பொருந்தியதாய், செய்பவன் கைத்திறனுடையவனாய் இருப்பின் பலன் ஒன்றே என்று கண்டார். பிறைக்கணக்கு பழந்தோட்டக்காரர்தம் வாய்ப்பேச்சே என்று வெளிப்பட எழுதினார். அவர் 1688-இல் இறக்க, நூல் 1690-இல் வெளிவந்தது. 1693-இல் ஜான் ஈவ்லின் பெயரால் ஆங்கிலத்திலும் வந்தது.

அவருடைய சொல்லால் வழக்கம் ஒழிந்ததா? இல்லை. மாறாக, புது வடிவெடுத்தது. ருடால்ஃப் ஸ்டைனர் என்பார் 1924-ஆம் ஆண்டு கோபர்விட்ஸ் என்னுமூரில் உழவைப்பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து ஒரு வேளாண்முறை கிளைத்தது. அதனை ஒட்டி ஜெர்மனியில் மரியா தூன் என்னும் அம்மையார் 1963 முதல் ஆண்டுதோறும் ஒரு விதைப்பு நாட்காட்டி வெளியிட்டார். மதி எந்த விண்மீன் கூட்டத்தில் நிற்கின்றதோ அதற்கேற்ப வேர்நாள், இலைநாள், பூநாள், கனிநாள் எனப் பகுத்தார். நம் பஞ்சாங்கத்தார்க்கு இது புதிதன்று. ரோகிணி, பூசம் முதலியன மேல்நோக்கு நாள், விதைகள் தூவுதற்காம். பரணி, மகம், மூலம் முதலியன கீழ்நோக்கு நாள், கிழங்கு ஊன்றுதற்கும் கிணறு தோண்டுதற்குமாம் என்று நம்மவர் பார்ப்பதும் மதி நிற்கும் மீனைக் கொண்டே. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினரென்று யான் கூறவில்லை. மண்ணுக்குக் கீழே, மண்ணுக்கு மேலே என்னும் பகுப்பு எந்நாட்டு உழவனுக்கும் தானே தோன்றக்கூடியது.

இக்காலத்து ஆராய்ச்சியாளர் கூறுவதையும் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். கதிரொளி முழுமதியொளியினும் ஏறக்குறைய நான்கு இலட்சம் மடங்கு மிக்கது. கடலை அசைக்கும் மதியின் ஈர்ப்பு, கடல் பெரிதாயிருத்தலின் அங்கே புலப்படுகின்றது. ஒரு வெங்காயத் தாளினுள் அதனைக் கருவியிட்டும் உணர்தல் அரிது. ஸ்பெயின் நாட்டு வலென்சியாவைச் சார்ந்த அறிஞர் இத்துறை நூல்களையெல்லாம் நோக்கி, பிறைப்படி வேளாண்மை செய்தற்கு நம்பத்தக்க சான்றில்லை என்று 2020-இல் எழுதினர். மரத்தின் செய்தி மட்டும் சற்று வேறு. வெட்டிய நாளின் பிறைநிலைக்கேற்ப மரம் உலர்வதிற் சிறு வேறுபாடு காணப்பட்டதாக, சுவிட்சர்லாந்தில் செய்த சோதனையொன்று 2010-இல் வெளிவந்தது. சிறிது என்பதே அதிற் பெரிதும் கருதத்தக்கது. அதனைக் கொண்டு வெங்காய நடவை ஆறு நாள் தள்ளுதல் பொருந்தாது.

இவ்வளவையும் எழுதுமுன்னர், அப்பெரியவரையும் மைந்தனையும் ஒருநாள் மாலை என் இல்லத்துக்கு அழைத்து, வாய்மொழியாகச் சொன்னேன். லா கேந்தினியின் வரலாறு வந்தபோது மைந்தன் தந்தையைப் பார்த்தான். தந்தை கூரையைப் பார்த்தார். பிறகு அவர் என்னைக் கேட்டார்: "ஐயா, வெங்காயம் போகட்டும். அந்த மன்னர் வீட்டுத் தோட்டக்காரர் மூங்கில் வெட்டிப் பார்த்தாரா?"

யான் விடை கூற இயலாது விழித்தேன். பிரெஞ்சு நாட்டில் மூங்கிற் புதர் ஏது? மூங்கிலின் உள்ளேயுள்ள மாவுப்பொருளே உளுவுக்கு உணவு, அது பருவத்திற்கேற்பக் கூடிக்குறையும், நம்மவர் மூங்கிலைக் குளத்தில் ஊறப்போடுவதும் அதனைக் கரைப்பதற்கே என்பன அறிவேன். பிறைக்கேற்பக் கூடிக்குறையுமா என்பதற்கு என் பெட்டியில் நூலில்லை.

ஆகவே ஒரு காரியம் செய்தோம். அவர்கள் தோட்டத்து வடகோடியிலுள்ள ஒரே புதரில், ஒத்த முதிர்ச்சியுடைய கழிகளாகப் பார்த்து, கார்த்திகை வளர்பிறையில் மூன்றும் தேய்பிறையில் மூன்றும் வெட்டினோம். ஊறப்போடவில்லை. கழிகளின் அடியில் எண் குறித்து, எவ்வெண் எப்பிறைக்குரியது என்பதை ஒரு தாளில் எழுதி என் பெட்டியிற் பூட்டிவிட்டேன். தந்தைக்கும் தெரியாது, மைந்தனுக்கும் தெரியாது. ஆறு கழிகளும் என் வீட்டுத் தாழ்வாரத்திற் சார்த்தி வைக்கப்பட்டுள்ளன. ஞாயிறுதோறும் இருவரும் வந்து, கழிக்கடியில் விரித்துள்ள கறுப்புத் துணியிற் பொடி உதிர்ந்துள்ளதா என்று குனிந்து பார்க்கின்றனர். சென்ற ஞாயிறன்று நான்காம் எண் கழியின் கீழே ஒரு சிட்டிகை கண்டோம். "பெட்டியைத் திறங்கள் ஐயா" என்றார் பெரியவர். "இன்னும் இரண்டு மாதம் போகட்டும், அப்பா" என்றான் மைந்தன்.